ஒன்பதாம் கூண்டு நாயின் பேர்

அக்டோபர் வெயில் காலை ஏழு மணிக்கே தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துவிடும். கிழக்கு மலைகளின் மேல் மேகம் கூடுவதும் கலைவதுமாக மூன்று வாரம் போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை. முத்தாரே நகரத்தின் விளிம்பில், மரம் அறுக்கும் பட்டறைகளைத் தாண்டியிருந்த நாய்க் காப்பகத்தில் முப்பத்தொரு நாய்களுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. படுத்தவை எழுந்தன. எழுந்தவை சுற்றின. ஒன்று குரைத்தால் எல்லாம் குரைத்தன. எதற்குக் குரைத்தோம் என்று தெரியாமல் பிறகு தாங்களே நிறுத்திக்கொண்டன.

ரதிட்சோ அரை டிரம்மில் சோளமாவைக் கொட்டித் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தாள். அடியில் கோழித் தலைகளும் கால்களும் வெந்து குழைந்துகொண்டிருந்தன. துடுப்பு அவள் தோள் உயரம். கட்டி விழாமல் கிளறுவதற்கு இடுப்பிலிருந்து பலம் வர வேண்டும். வெறும் கையால் கிளறினால் பத்து நாளில் தோள்பட்டை போய்விடும். இரண்டு வருடமாக இதே வேலை. அந்த வாடை தலைத்துணியில் ஏறி, சாயங்காலம் வேனில் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். "நாயம்மா வந்தாச்சு, ஜன்னலத் தொறங்கப்பா" என்பான் கண்டக்டர். அவள் பதில் சொல்லமாட்டாள்.

அவள் சிஹேரா குலத்துப் பெண். அந்தக் குலத்துப் பெண்களின் வாயை நினைத்தாலே மாமியார்களுக்குக் காய்ச்சல் வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. இவளுக்கு மட்டும் அந்த வாய் எங்கேயோ தவறிப்போய்விட்டது. காப்பகத்து வண்டி ஓட்டும் கிவ்மோர் வேண்டுமென்றே அவளைக் குலப்பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"சிஹேரா, இன்னிக்கு எத்தனை வார்த்தை பேசியிருக்க?"

"கஞ்சி வெந்துருச்சு."

"ரெண்டு. நேத்தைக்கு ஒண்ணுதான். இப்பிடியே போனா கிறிஸ்துமஸுக்குள்ள சண்டை போடப் பழகிருவ."

அவள் பேசுவதெல்லாம் ஒன்பதாம் கூண்டில்தான். அங்கே இருந்தது ஒரு பெரிய ஆண் நாய். ஐந்து வயது இருக்கும். காய்ந்த புல் நிறம், முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை, இடது காது நுனி கிழிந்திருக்கும். யார் உள்ளே போனாலும் உடம்பு முழுவதையும் அவர்கள் காலில் சாய்த்துவிடும். மணிக்கட்டை மெதுவாக வாயில் வாங்கிக்கொண்டு, பல் படாமல், எங்கேயோ கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இரண்டடி நடக்கும். ஆள் வெளியே வந்துவிட்டால் கம்பியோடு ஒட்டிக் கடைசிவரை வரும். அங்கே நின்று பார்க்கும். பிறகு இந்தக் கோடிக்கு நடக்கும், மறுபடி அந்தக் கோடிக்கு நடக்கும். ஏழு மாதமாக நடந்ததில் கம்பி ஓரத்துச் சிமெண்டில் வழவழப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது.

கூண்டைக் கழுவும்போது ரதிட்சோ அதனிடம் எல்லாவற்றையும் சொல்வாள். புருஷன் லமெக்குக்கு மர ஆலையில் மூன்று மாதமாக வேலை இல்லாதது. மகள் அனேசுவின் செருப்பு அறுந்தது. லமெக்கின் அத்தை தேதே எல்விரா கிணற்று மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பது. சொல்லி முடித்ததும் அதன் பேரைச் சொல்லி ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தப் பேரைச் சொல்லும்போது அவள் முகம் தன்னையறியாமல் டங்கம்வுரா பக்கம், தேதேயின் வீடு இருக்கும் திசைக்குத் திரும்பும்.

பேர்தான் அதன் தலைவிதி.

அந்தச் செவ்வாய்க்கிழமை சிக்காங்காவிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். குட்டிகள் இருந்த கூண்டுக்குப் போகிற வழியில் ஒன்பதாம் கூண்டு நாய் அந்த ஆளின் விரலை நக்கியது. அவர் குந்தி உட்கார்ந்தார்.

"இது கடிக்குமா?"

"கடிக்காது ஐயா. கைய வாயில வச்சுக்கும். பல்லு படாது."

அந்தப் பெண்ணும் சிரித்தாள். "வீட்ல அடுப்புக்குப் பக்கத்துல கெடக்குற நாய் மாதிரில்ல இருக்கு. குட்டின்னா செருப்பெல்லாம் கடிச்சுப் போடும். இதுவே நல்லாருக்கே. பேரென்னம்மா?"

ரதிட்சோ கிவ்மோரைப் பார்த்தாள். கிவ்மோர் வானத்தைப் பார்த்தான்.

"முச்சநேட்டா" என்றாள் அவள் மெதுவாக.

நாய் சட்டென்று நிமிர்ந்து வாலை ஆட்டியது. அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. 'கத்துங்க கத்துங்க, நீங்களே ஓய்ஞ்சு போவீங்க' என்று அந்தப் பேருக்கு அர்த்தம். நாய்க்குப் பேர் வைப்பதே பக்கத்து வீட்டுக்காரனிடம் நேரில் சொல்ல முடியாததைச் சொல்வதற்குத்தான் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"வேணாம்ங்க" என்றாள் அவள் புருஷனிடம். "சுவத்துக்கு அந்தப் பக்கம் என் ஓர்ப்படியா இருக்கா. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கோம். நான் வாசல்ல நின்னு முச்சநேட்டா முச்சநேட்டான்னு கத்துனா அவ சும்மாவா இருப்பா?"

"வேற பேர் சொல்லிக் கூப்பிடுவோம். டேய், ஸ்பைடர்! ஸ்பைடர், இங்க வா!"

யாரைக் கூப்பிடுகிறார் என்று நாய் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தது.

"பாத்தீங்களா? ஓடிப்போச்சுன்னா தெருத்தெருவா அந்தப் பேரச் சொல்லித்தான் தேடணும். அதுக்குள்ள எங்க மண்டை ஒடைஞ்சிரும்."

அவர்கள் ஒரு கறுப்புக் குட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். கிவ்மோர் பெருமூச்சு விட்டான். "குட்டிக்குப் பேரும் இல்ல, பகையும் இல்ல. நிம்மதியாப் போயிருச்சு. இவனக் கொண்டாந்து விட்டானே சக்குப்வாக்காரன், ஞாபகம் இருக்கா? பக்கத்து வீட்டுக்காரனோட ஆறு வருஷம் சுவர்ச் சண்டை. அவன் ஜோகன்னஸ்பர்க் போறேன்னு கெளம்பிட்டான். சண்டை பஸ் ஏறிப் போயிருச்சு. நாய் மட்டும் மிச்சம்."

பேரைச் சொல்லாமல் தள்ளிவிடவும் முடியாது. காப்பகத்தை நடத்திய மிசஸ் சிதோலே அதில் கறார். ஒருமுறை அப்படி ஒரு நாயின் பேரை மறைத்துக் கொடுத்து, இரண்டு குடும்பம் போலீஸ் வரைக்கும் போய், நாய் மறுநாளே திரும்பி வந்தது. அன்றிலிருந்து அட்டையில் பேர் எழுதாமல் ஒரு நாயும் வெளியே போனதில்லை.

அன்று மதியம் மிசஸ் சிதோலே ரதிட்சோவைக் கூப்பிட்டார்.

"கிராமத்துப் பக்கம் வெறிநோய் வந்திருக்கு. அடுத்த வாரம் கழிச்சுப் பதினெட்டு நாய் வருது, தனித்தனியா வைக்கணும். ஆறு மாசத்துக்கு மேல இருக்குறதெல்லாம் காலி பண்ணணும். நாலாம் கூண்டு, பன்னெண்டு, அப்புறம் ஒம்போது."

"ஒம்போதா?"

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். திங்கக்கிழமை டாக்டர் வர்றாரு."

டாக்டர் திங்கட்கிழமை வந்தால் எதற்கு வருகிறார் என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று அவர்கள் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவர மாட்டார்கள்.

"நான் எடுத்துக்கறேன்" என்றாள் ரதிட்சோ. சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது.

மிசஸ் சிதோலே கண்ணாடியைக் கழற்றினார். "சொந்த வீடா?"

"வீட்டுக்காரரோட அத்தை வீடு. பின்னால ஒரு ரூம்ல இருக்கோம்."

"அப்ப அவங்க கையெழுத்து வேணும். நான் நேர்ல வந்து சுவர், கேட்டு, நிழல், தண்ணி எல்லாம் பாப்பேன். இங்க வேலை பாக்குறவன்னு சலுகை கெடையாது, சொல்லிட்டேன்."

தண்ணி என்றதும் ரதிட்சோவுக்குத் தேதேயின் கழுத்துச் சாவிதான் கண்ணில் வந்தது.

டங்கம்வுராவில் குழாயில் தண்ணீர் வந்து எத்தனையோ நாளாயிற்று. தேதே எல்விராவின் வளவில் கிணறு இருந்தது. அதனால்தான் அந்தத் தெருவில் தேதேக்கு அத்தனை மதிப்பு, அத்தனை பொறாமை. பின்பக்க அறைகளில் லமெக்கின் குடும்பத்தோடு இன்னும் இரண்டு குடும்பம். வீட்டுக்கு ஆறு வாளி. காலையில் தேதே மூடியைத் திறந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விரல் மடக்குவாள். கடைசி வீட்டின் ஆறாவது வாளி மேலே வந்ததும் பூட்டு விழும். துணி துவைக்கும் நாளானாலும் ஆறுதான்.

அன்று சாயங்காலம் ரதிட்சோ சோளமாவுக் களியான சட்சாவைக் கிண்டி வைத்து, கீரையும் பொடிமீன் கருவாடும் பக்கத்தில் வைத்தாள். லமெக் கையைக் கழுவிக்கொண்டு ஒரு உருண்டை பிடித்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். உருண்டை பாதியில் நின்றது. அனேசுவின் அம்மா என்று மகள் பேரை வைத்துத்தான் அவளைக் கூப்பிடுவான்.

"மாய் அனேசு, உனக்குப் புத்தி கித்தி பெசகிருச்சா? மூணு மாசமா வாடகை வாங்காம வச்சிருக்காங்க தேதே. அவங்க வீட்ல போய் நாய்க்கு எடம் கேக்கச் சொல்றியா?"

"சாப்பாடு அங்க மிஞ்சுறத நான் கொண்டு வந்துருவேன்."

"அது என்ன பண்ணும்? கொரைக்குமா?"

"கொரைக்காது. எல்லார்கிட்டயும் சாஞ்சுக்கும்."

"திருடன்கிட்டயுமா?"

அவள் யோசித்தாள். "திருடன்கிட்டயும்தான்."

லமெக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறைய நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "சரி, கேட்டுப் பாக்குறேன். திருடன்கிட்ட சாஞ்சுக்குற விஷயத்த மட்டும் சொல்ல மாட்டேன்."

தேதே அவர்கள் நினைத்த அளவுக்குக் கடுமையாக இல்லை. நாற்காலியில் இருந்தபடி காலை நீட்டி, "போன மாசம் கொடியில கெடந்த என் ரெண்டு போர்வைய எவனோ உருவிட்டுப் போனான். நாய் இருந்தா நல்லதுதான்" என்றாள். பிறகு ரதிட்சோவைப் பார்த்தாள். "அதுக்குப் பேரென்ன, மருமகளே?"

"இன்னும் வைக்கல தேதே."

பழைய பேரை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"வைக்கும்போது யோசிச்சு வையி. நம்ம வளவச் சுத்தி நாலு பக்கமும் ஆளுங்க. ஏற்கெனவே இந்தக் கிணத்தால எனக்கு எதிரிங்க ஏராளம்."

மறுநாள் காலை முழுக்க ரதிட்சோ பேர் தேடினாள். கூண்டு கழுவும்போது தேடினாள், விறகு பிளக்கும்போது தேடினாள். ஸ்பைடர், டைகர் என்றெல்லாம் வைத்தால் 'யாரச் சிலந்திங்குறா, யாரப் புலிங்குறா' என்று கிளம்பும். எந்தப் பேர் வைத்தாலும் யார் மேலாவது போய் விழத்தான் செய்யும். விழுகிறது நல்லதாகவே விழட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. தேதே தலைக்கு மேல் கூரை கொடுத்திருக்கிறாள். அதற்கு வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வரவும் இல்லை.

"ததெந்தா" என்றாள் கிவ்மோரிடம். நாங்கள் நன்றி சொல்கிறோம் என்று அர்த்தம்.

கிவ்மோர் தலையைச் சொறிந்தான். "நல்ல பேருதான், சிஹேரா. அதான் பயமா இருக்கு."

"நல்ல பேருக்கு எதுக்குப் பயப்படணும்?"

"நாய்க்கு எவனாவது நல்ல பேரு வச்சுப் பாத்திருக்கியா நீ?"

அவள் கேட்கவில்லை. டிரம்மின் அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டி ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் கூண்டுக்குப் போனாள். "ததெந்தா." நாய் பின்னால் திரும்பிப் பார்த்தது. "ததெந்தா." கம்பிவரை நடந்து திரும்பியது. தற்செயலாக அவள் முகத்தைப் பார்த்த ஒரு கணத்தில் ஒரு துண்டு கொடுத்தாள். முதல் நாள் அதற்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் நாள் குழம்பியது. மூன்றாம் நாள் மதியம் சாப்பிடாமல் தடத்தின் மேலேயே நடந்தது. யாரோ ஒருவன் பக்கத்துக் கூண்டைக் காட்டி என்னவோ கேட்க, கிவ்மோர் பழைய பேரை வாய்தவறிச் சொல்லிவிட்டான். நாய் கம்பியில் பாய்ந்து நின்று வாலை ஆட்டிய ஆட்டத்தைப் பார்த்து ரதிட்சோ குழாயடிப் பக்கம் போய்விட்டாள். வரும்போது அது கொண்டுவந்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதையும் பிடுங்குகிறோமே என்றிருந்தது. அவளுக்கும் அந்தப் பேர் தேவைப்பட்டது என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் "ததெந்தா" என்றதும் அது திரும்பியது. பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, கோடியிலிருந்து ஓடி வந்தது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் காப்பகத்து வண்டி தேதே வீட்டு வாசலில் வந்து நின்றது. சூடான காற்று தெருப்புழுதியைச் சுருட்டிக்கொண்டு போனது. மலைப்பக்கம் வானம் கருநீலமாக இருந்தும் மழை வாடையே இல்லை. லமெக் அதிகாலையிலேயே கேட்டின் ஓட்டைக்குப் பலகை அடித்திருந்தான். கிவ்மோர் நாயைக் கயிற்றோடு இறக்கினான். அது லமெக்கின் காலில் சாய்ந்தது, அனேசுவின் வயிற்றை மோந்தது, பின்பக்கத்து அறைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய் வந்தது. தேதே மாமரத்து நிழலில் நாற்காலியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் தலைத்துணியைக் கட்டியிருந்தாள். நாய் அவளுடைய மணிக்கட்டையும் வாயில் வாங்கிக்கொண்டது.

"என்னடா, எங்க கூட்டிட்டுப் போற? எனக்குக் கால் வலி" என்றாள் தேதே. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மிசஸ் சிதோலே சுவரைச் சுற்றி வந்தார். கேட்டை ஆட்டிப் பார்த்தார். "சுவர் போதும். நிழல் இருக்கு, கிணறும் இருக்கு. வீட்டுக்காரம்மா, நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுது" என்று அட்டையையும் பேனாவையும் கொடுத்தார். தேதே பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அப்போது பக்கத்து வளவில் ஒரு கோழி கத்தியது. நாய் ஒரே இழுப்பில் கிவ்மோரின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் ஓடி மறைந்தது.

"ததெந்தா!" ரதிட்சோவுக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்று லமெக்குக்கே தெரியாது. "ததெந்தா! ததெந்தா!"

இடது சுவருக்கு மேல் ஒரு தலை வந்தது. மாய் பிளெஸ்ஸிங். தேதே கிணற்றில் தண்ணீர் கேட்டு, தேதே மறுத்து, நாலு மாதமாக முகம் பார்க்காமல் இருப்பவள்.

"என்ன மாய் அனேசு, நன்றியத் தேடுறீங்களா? கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தீங்களா? அய்யோ மறந்துட்டேன், பூட்டிருக்குமே!"

பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். ஒரு ஆள் குரல், "ஆறு வாளி நன்றிப்பா!" என்றது. சிரிப்பு வலது பக்கத்துச் சுவருக்கும் தாவியது. நாய் அந்தப் பேரைக் கேட்டு ஓடி வந்து ரதிட்சோவின் காலில் சாய்ந்தது.

தேதே பேனாவை மடியில் வைத்தாள்.

"இங்க வா, மருமகளே. யாருக்கு நன்றி?"

"தேதே, நான்..."

"நாய்க்கு நன்றின்னு பேரு. வாசல்ல நின்னு ஊரக் கூட்டி நன்றி நன்றின்னு கத்துற. நான் என்னத்தக் குடுத்துக் கிழிச்சேன்னு கேக்குற, அதானே? அவ்வளவு நறுக்குன்னு எவளுக்கும் வராது. வாயில்லாதவன்னு நெனச்சேன். எல்லாத்தையும் சேத்து நாய் வாயில வச்சிருக்க."

"தேதே, அவ அப்பிடி நெனச்சு வைக்கல" என்றான் லமெக். "சத்தியமா நல்லதுக்குத்தான்..."

"நீ சும்மா இருடா. நாய்க்கு நல்லதுக்குப் பேரு வச்சத எங்கப்பன் காலத்துலருந்து நான் பாத்ததில்ல." தேதே அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "இது என்ன? ததெந்தாவுக்கு மேல இன்னொண்ணு எழுதி வச்சிருக்கே. முச்ச... முச்சநேட்டாவா?"

மிசஸ் சிதோலே, "அது பழைய சொந்தக்காரர் வச்ச பேரும்மா. மறைக்கக் கூடாதுன்னு ரெண்டையும் எழுதுறது" என்றார்.

"பேரே வைக்கலன்னு என்கிட்டச் சொன்னாளே!"

சுவர்களுக்கு மேல் தலைகள் கூடிவிட்டன.

"வண்டியில ஏத்துங்க" என்றாள் தேதே. "கையெழுத்து கெடையாது."

கிவ்மோர் குனிந்து கயிற்றை எடுத்தான். நாய் வண்டியைப் பார்த்து வாலை ஆட்டியது. அதற்கு எங்கே போனாலும் சரிதான். திங்கட்கிழமை டாக்டரின் காலிலும் அது இப்படித்தான் சாயும் என்று ரதிட்சோவுக்குத் தோன்றியது. அவள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதி நன்றிதான் தேதே."

"என்னது?"

"கூரைக்கு நன்றி. வாடகை கேக்காததுக்கு நன்றி. அத நேர்ல சொல்ல வரல, அதான் வச்சேன். மீதிப் பாதிக்கு அந்தப் பழைய பேருதான். அதயும் நான் சொல்லியிருக்கேன். தெனமும் உங்க வீட்டுப் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்கேன்."

"மாய் அனேசு!" என்றான் லமெக்.

"புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப ஏழாவது வாளி கேட்டேன். விரல மடக்கிக் காமிச்சீங்க. ரெண்டு வருஷமா முப்பது நாயோட அழுக்கக் கழுவிட்டு வர்றேன், என் தலைய நனைக்க ஒரு வாளி இல்ல. வேன்ல ஜன்னலத் தொறக்குறாங்க. நாய்க்குத் தண்ணி குடுப்பீங்களோ மாட்டீங்களோன்னு பத்து நாளாத் தூங்கல. இப்ப சொல்லிட்டேன். வேணும்னா என்னையும் சேத்து வண்டியில ஏத்துங்க."

கிவ்மோர் வாயைத் திறந்து, வார்த்தைகளை எண்ணத் தோன்றாமல் மூடிக்கொண்டான்.

தேதே நாற்காலியிலிருந்து எழுந்தாள். கழுத்துக் கயிற்றிலிருந்த சாவியைக் கையில் எடுத்தாள். "நீ மட்டும் வா" என்று சொல்லிக் கிணற்றடிக்கு நடந்தாள். ரதிட்சோ கயிற்றோடு போனாள், நாயும் போனது. பூட்டு திறந்தது. தகர மூடியைத் தேதே அரையளவு தள்ளினாள்.

"குனிஞ்சு பாரு."

கீழே ரொம்பத் தூரத்தில் ஒரு கைப்பிடி வானம் தெரிந்தது. அதைச் சுற்றிலும் சேறு. சேற்றில் வாளி விழுந்து விழுந்து பதிந்த வட்டங்கள்.

தேதே குரலைத் தாழ்த்தினாள். "மே மாசத்துலருந்து இப்பிடித்தான். வீட்டுக்கு ஆறுக்கு மேல எடுத்தா மறுநாள் சேறுதான் வரும். கிணறு வத்திருச்சுன்னு தெரிஞ்சா அந்த ரெண்டு குடும்பமும் நாளைக்கே மூட்டையக் கட்டிரும். அவங்க வாடகையிலதான் உன் புருஷனுக்கும் சேத்து உலை கொதிக்குது. கிணறு இருக்குறவன்னு இந்தத் தெருவுல எனக்கு ஒரு பேரு இருக்கு. கருமின்னு திட்டட்டும். இல்லாதவன்னு சொல்லக் கூடாது."

"புள்ள காய்ச்சலுக்குச் சொல்லியிருக்கலாமே தேதே."

"சொல்லியிருக்கலாம்." தேதே கிணற்றைத்தான் பார்த்தாள். "உன்கிட்டப் பேசுறது எப்பிடின்னு எனக்குத் தெரியல. கல்லுகிட்டப் பேசுற மாதிரி இருக்கும்."

நாய் கிணற்று விளிம்பில் முன்னங்கால் இரண்டையும் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தது. தேதே அதன் கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்தாள். "விழுந்து சாவாதடா. இருக்குற தண்ணியும் போயிரும்." பிறகு ரதிட்சோவைப் பார்த்தாள். "இது ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும்?"

"அரை வாளி. எங்க ஆறுல இருந்தே குடுத்துக்கறேன்."

"நீ இப்பப் பாத்தத எவகிட்டயும் சொல்லாம இருப்பியா?"

"நான் யார்கிட்ட தேதே பேசுறேன்?"

"அதான் கொஞ்சம் முன்ன பாத்தேனே." தேதே மூடியை இழுத்துப் பூட்டினாள். மாமரத்தடிக்குத் திரும்பி வந்து, நின்றபடியே அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பேனா கிழிக்கிற மாதிரி அழுத்தமாகப் போட்டாள். அதற்கு மேல் இருந்த இரண்டு பேர்களையும் குறுக்கே அடித்தாள்.

"நன்றியும் வேணாம், மத்ததும் வேணாம். என் வீட்டு நாய்க்கு நான்தான் பேரு வைப்பேன்."

மிசஸ் சிதோலே, "எழுதிக்கணும்மா. என்ன பேரு?" என்றார்.

தேதே சுவர்களைப் பார்த்தாள். இடது சுவரில் மாய் பிளெஸ்ஸிங் முழங்கை இரண்டையும் ஊன்றி வசதியாக நின்றிருந்தாள். பின்சுவரில் நாலு தலை. வலது சுவரில் ஒருத்தி பிள்ளையை வேறு தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"ரெகாய்" என்றாள் தேதே.

'போதும், விட்டுட்டுப் போங்க' என்று அர்த்தம். கிவ்மோர் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிப் பக்கம் போனான்.

"ரெகாய்!" தேதே மாய் பிளெஸ்ஸிங் பக்கம் நேராகத் திரும்பி, தெருமுனைவரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். பின்சுவரில் ஒரு தலை இறங்கியது. "ரெகாய்!" பிள்ளைக்காரி போய்விட்டாள். மாய் பிளெஸ்ஸிங்கின் முழங்கைகள் மெதுவாகச் சுவரிலிருந்து எடுபட்டன.

நாய் மட்டும் திரும்பவே இல்லை. மண்ணை மோந்துகொண்டு கேட்டிலிருந்து மாமரத்துக்கும், மாமரத்திலிருந்து கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தது.

"இதுக்குக் காது கேக்காதா?"

"பழகணும் தேதே" என்றாள் ரதிட்சோ. "தெனமும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாத்தான் வரும். பத்து நாளாவது ஆகும்."

"பத்து நாளா? பத்து நாளும் நான் இப்பிடித் தொண்டை கிழியக் கத்தணுமா?"

"ஆமா தேதே."

தேதே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மாய் பிளெஸ்ஸிங்கின் சுவரை ஒட்டிப் போட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.